புகை போடாத பூஜை

சாம்பிராணி வாசம் எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். ஆயுத பூஜை அன்று ஆய்வுக்கூடத்துக்குள் புகை போடக்கூடாது என்று தடுத்தவன் நான்தான். ஆபீஸ் பிரமிளா அதை உங்களிடம் சொல்லியிருப்பாள். "சாமிக்கே ரூல்ஸ் போடுற ஆளு" என்றும் சொல்லியிருப்பாள், அவள் வாய் அப்படி. புகை கண்ணாடிகளில் படியும், படிந்தால் ஒளி சிதறும், அதனால் வேண்டாம் என்றேன். எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இந்தக் காரணம் இருக்கும். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் கால் ஆடிக்கொண்டே இருப்பதை இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டீர்கள். பயமில்லை. மூன்றரை வருடமாக இரவு ஷிப்ட் பார்க்கிறவனுக்குப் பகலில் உடம்பு ஓரிடத்தில் நிற்காது. அவ்வளவுதான்.

நான் யுவனேஸ்வரன். வயது முப்பத்தொன்று. அப்பா புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மூன்றாம் வருடம் வரை படித்தேன். ஒரு நாள் காலை பரீட்சை மண்டபத்துக்கு வெளியே பேனாவோடு நின்றேன். எல்லாரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. ஏன் என்று கேட்காதவர்கள் இல்லை. பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். பிறகு இரண்டு தொழிற்சாலைகளில் வேலை பார்த்தேன். அதற்கப்புறம் சத்தியசீலனின் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தேன். ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் சாலையில், செம்பனைக்கு நடுவே நிற்கும் கடை வரிசையில் கடைசிக் கட்டடம் அது. மொத்தம் ஆறு பேர் வேலை செய்கிறோம். பகலில் குலை ஏற்றிய லோரிகள் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு லோரிக்கும் எங்கள் மேசை நடுங்கும். மனிதக் கைக்குத் தெரியாத நடுக்கம், ஆனால் ஒளிக்குத் தெரியும். அதனால்தான் எங்கள் அளவெல்லாம் இரவில் நடக்கிறது.

என்ன அளக்கிறோம் என்று நீங்கள் நேற்றே கேட்டீர்கள். உங்கள் பக்கத்தில் இருந்த போலீஸ் சார்ஜன் கொட்டாவி விட்டதால் நிறுத்திவிட்டேன். கரண்டியின் ஒரு முனையைக் கொதிநீரில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுமுனை சுடும். எவ்வளவு நேரத்தில் சுடுகிறது என்பதைத் தொட்டே சொல்லிவிடலாம். தலைமயிரைவிட நூறு மடங்கு மெல்லிய ஒரு படலத்தில் அப்படித் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் ஒளியால் தொடுகிறோம். ஒரு லேசர் கதிர் அடித்துச் சூடாக்கும். பின்னாலேயே இன்னொரு கதிர் போய், அந்த இடம் எவ்வளவு பளபளக்கிறது என்று பார்த்து வரும். உலோகம் சூடானால் அதன் பளபளப்பு லட்சத்தில் ஒரு பங்கு மாறும். அந்த மாற்றம் எவ்வளவு வேகமாக அடங்குகிறதோ, அவ்வளவு வேகமாக வெப்பம் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இதற்காக அளக்க வரும் ஒவ்வொரு மாதிரியின் மேலும் முதலில் ஓர் அலுமினியப் பூச்சு போடுவோம்.

அந்த லேசரின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனிதக் கண் பார்க்கக்கூடிய எல்லையின் விளிம்பில் இருக்கும் நிறம் அது. ஊதுபத்தியின் முனை அணைவதற்கு முன்னால் ஒரு சிவப்பு தெரியுமே, அந்த அளவுதான் தெரியும். கதிர் முழு பலத்தோடு வந்தாலும் கண்ணுக்கு அவ்வளவுதான் எட்டும். பிரகாசமான ஒளி என்றால் கண் தானாக மூடிக்கொள்ளும். மங்கலான ஒளிக்கு மூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லி, கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். மூன்றரை வருடத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கேதான் முதல் முறையாக என்னால் முடிந்த ஒரு வேலை எனக்குக் கிடைத்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'அளந்தவர்' என்று போட்டு என் பெயர் வரும். பட்டம் கேட்கமாட்டார்கள். பினாங்கில் சிப் செய்கிறவர்கள் போன் போட்டு, "யுவன் அளந்ததா? அப்படின்னா சரி" என்பார்கள். இருநூற்றுப் பதினான்கு அறிக்கைகள். அந்தப் பரீட்சை மண்டபத்து வாசலில் நின்றவனுக்கு இது என்ன என்று உங்களுக்குப் புரியவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மே மாதம் அன்பரசி வந்தாள்.

ராவாங்கில் வீடு. மெல்லிய பூச்சுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். லேசர் மேசை அவளுக்குப் பழக்கமில்லை. பூச்சுகளைப் பார்த்துக்கொள்ளவும் கணக்குகளைச் சரிபார்க்கவும் சத்தியசீலன் அவளை எடுத்தார். முதல் நாளே நான் டாக்டர் என்று கூப்பிட்டேன்.

"அண்ணே, டாக்டர்னு கூப்புடாதீங்க லா. பக்கத்து வீட்டுப் பாட்டி முட்டி வலிக்கு மாத்திரை கேக்குது."

கேலிக்குத்தான் கூப்பிட்டேன். அவள் அதைக் கேலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பெண். இதைப் பலரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்கிறேன். வேலைக்கு வரும்போது வழியில் ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வந்து, ஷிப்ட் முடித்து வரும் எனக்கு வைத்திருப்பாள். கறி தனியாக, சீனி தனியாக.

செப்டம்பர் மாதம் ஒரு காலையில், நான் கிளம்பும் நேரத்தில், கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"அண்ணே, அலுமினியம் எண்பது நானோமீட்டர்னு எல்லாத்துலயும் போட்டிருக்கீங்க. இந்த எண்பது எங்கேருந்து வந்துச்சு?"

"அளந்தது."

"எப்ப அளந்தது?"

"மிசின் வந்தப்ப."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதுக்கு? அதே மிசின், அதே பூச்சு, அதே ஆளு."

அவள் சிரித்தாள். "எங்கம்மா ரசத்துக்கு உப்பு போடுற மாரி இருக்கு ணே. இருவது வருசமா அதே கைப்பிடி. உப்பு பாக்கெட்டு மாறிப்போனது கைக்குத் தெரியலையே."

பிறகு விளக்கினாள். எனக்குத் தெரியாததில்லை. லேசர் பட்டதும் அலுமினியம் சட்டென்று விரியும். அந்த அதிர்ச்சி ஓர் ஒலியாகக் கீழே போய், பூச்சின் அடியில் முட்டி, மேலே திரும்பி வரும். கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்ப்பது மாதிரி. திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துப் பூச்சின் தடிமனைச் சொல்லிவிடலாம். வரைபடத்தில் அது ஒரு சின்ன மேடாகத் தெரியும். எண்பது என்றால் அந்த மேடு இருபத்தைந்தில் இருக்க வேண்டும். அவள் காட்டிய எல்லாப் படத்திலும் இருபத்திரண்டில் இருந்தது. ஒரு விநாடியை லட்சம் கோடித் துண்டாக உடைத்தால், அதில் மூன்று துண்டு வித்தியாசம். பூச்சு எழுபத்தொன்றுதான்.

நான் அளந்து வைத்த பிறகு, முதல் அறிக்கை போவதற்கு முன்பே, அலுமினியம் வாங்கும் இடம் மாறியிருந்தது. பூச்சு மெலிந்திருக்கிறது. நான் எண்பது என்றே தட்டிக்கொண்டிருந்தேன். அதனால் ஒவ்வோர் அறிக்கையிலும் வெப்பம் உண்மையைவிடப் பன்னிரண்டு சதவீதம் வேகமாக இறங்குவதாகப் போயிருக்கிறது. அதை நம்பிச் செய்த சிப்புகள் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். யாரும் செத்ததாகத் தகவல் இல்லை. நான் விசாரித்தேன்.

"மாதிரிங்கதான் சராசரியா இல்ல. நம்பர்ல தப்பு இல்ல," என்றேன்.

"இருநூத்துப் பதினாலும் சராசரியா இல்லையா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் மோசம்.

அக்டோபர் கடைசியில் தணிக்கைக்காரர்கள் வருவதாக இருந்தது. எங்கள் கூடத்துக்கு அங்கீகாரம் கொடுக்கிறவர்கள். தணிக்கை முடியட்டும், பிறகு நானே ஒவ்வொன்றாகத் திருத்திவிடுகிறேன் என்றேன். பாஸுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்றேன்.

"பொய் நம்பர வச்சிக்கிட்டு ஆடிட்ல உக்கார முடியாது ணே. பூஜ முடியட்டும், நீங்களும் நானும் சேந்து எழுதிக் குடுப்போம். பாஸு கத்துவாரு, அப்பறம் அடங்கிருவாரு. உங்கள யாரு என்னா சொல்லப்போறா?"

என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் வருடத்தில் ஓடிப்போனவன்தானே என்பார்கள். அந்தக் கேள்வியை அவள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டாள். பட்டம் வாங்கியவர்களுக்கு இந்த மாதிரி நல்ல எண்ணம் சுலபமாக வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் தூங்கவில்லை. குவாலா சிலாங்கூரில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறேன், பகலில் இருட்டாக இருக்கட்டும் என்று. படுத்தால் அந்தத் தாளின் தடிமன் என்ன என்று மனம் கேட்கும். எழுந்து காரை எடுப்பேன். செகிஞ்சானில் வயல் ஓரமாக நிறுத்துவேன், ஐந்து நிமிடம் நிற்க முடியாது. வடக்கே பாகான் நக்கோடா ஓமார் வரை போவேன். படகுத்துறையில் மீன்காரர்கள் வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் உட்கார முடியாது. திரும்பி வருவேன். ஒரே நாளில் மூன்று தடவை அந்தச் சாலையில் போயிருக்கிறேன். பெட்ரோல் நிலையத்துப் பையன் நான் ஏதோ டெலிவரி செய்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

அந்தப் படகுத்துறையில்தான் கணக்குப் போட்டேன். எனக்கு வேண்டியது ஆறு வாரம். அன்பரசி ஆறு வாரம் மருத்துவ விடுப்பில், எங்கள் பேச்சில் எம்சியில், இருந்தால் தணிக்கை முடிந்துவிடும். அதற்குள் நான் எண்களைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை. கை, கால் முறிவதெல்லாம் கணக்கில் அடங்காது. எவ்வளவு முறியும், எப்போது சேரும் என்று யார் சொல்வது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மெல்லிய படலத்தில் ஒளி பட்டால் எவ்வளவு சூடாகும், அந்தச் சூடு எவ்வளவு தூரம் பரவும் என்பது தெரியும். கண்ணின் உள்சுவரும் மெல்லிய படலம்தான். அதற்கும் தடிமன் உண்டு, வெப்பம் கடத்தும் எண் உண்டு. புத்தகத்தில் இருக்கிறது. நான் தினமும் போடும் அதே சூத்திரத்தில் அவற்றைப் போட்டேன். எங்கள் மேசையில் ஒளியைக் குறைக்கும் வடிகட்டிகள் உண்டு, எண் போட்டிருக்கும். நான்காம் எண் வடிகட்டியில் மூன்று விநாடி என்றால் வலது கண்ணில் ஒரு சின்ன வீக்கம், சின்ன மங்கல், ஆறு வாரத்தில் ஆறிவிடும் என்று கணக்கு சொன்னது. வலியும் இருக்காது. கண்ணின் உள்சுவருக்கு வலி தெரியும் நரம்பு கிடையாது. அதையும் யோசித்தேன். நான் கொடுமைக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. கதவுக்கு மேலே லேசர் ஓடும்போது எரியும் எச்சரிக்கை விளக்கு பழுது என்று ஒன்பது நாள் முன்பே மின்னஞ்சல் போட்டேன். நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். பழுதாகவில்லை, நான்தான் கம்பியைக் கழற்றினேன். லேசரைக் குளிர்விக்கும் பெட்டியின் இரைச்சல் எப்போதும் இருக்கும். லேசரை அணைத்த பிறகும் நான் அதை ஓடவிடுவது வழக்கம். அதனால் அந்தச் சத்தத்துக்கு யாரும் காது கொடுக்கமாட்டார்கள். கதிரை மூடியிருக்கும் கறுப்புக் குழாய்களில் ஒன்றைக் கழற்றினேன். மாதிரிக்கு முன்னால் இருக்கும் லென்சையும் கழற்றினேன். அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

ஆயுத பூஜை அன்று கருவிகளுக்கு ஓய்வு. தோட்டத்தில் கத்தியைத் தொடமாட்டார்கள், லோரிக்காரர்கள் லோரியைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்திவிடுவார்கள். எங்கள் கூடத்திலும் அப்படித்தான். அன்றைக்கு லேசர் ஓடாது என்பது எல்லாருக்கும் தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொட்டு வைத்தால் சாமிக்கு மரியாதை இல்லை என்று பிரமிளா முதல் வருடமே சொன்னதிலிருந்து, வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வெறும் கண்ணோடு உள்ளே போவோம். எனக்கு யாரையும் எதற்கும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

புகையை மட்டும் தடுக்க வேண்டியிருந்தது. சாம்பிராணிப் புகை அந்த மேசைக்கு மேல் போனால், கதிர் எங்கே போகிறது என்று நூல் கட்டினது மாதிரி சிவப்பாகக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். திருநீற்றுத் தூள்கூடக் காட்டும். அதனால் திருநீறு வேண்டாம், ஈரச் சந்தனம் மட்டும் என்றேன்.

காலை பத்து மணிக்குப் பூஜை. ஆபீஸ் முன்னறையில் சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டு, கணக்குப் புத்தகங்கள், திருப்புளி, பிரமிளாவின் ஸ்டேப்ளர் வரை அடுக்கியிருந்தார்கள். வேனின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். சத்தியசீலன் வேட்டி கட்டி வந்திருந்தார், இடுப்பில் பெல்ட்டும் போட்டு.

"என்னா பாஸ், சாமிய நம்பாம பெல்ட்ட நம்பி வந்திருக்கீங்க?" என்றாள் பிரமிளா.

"போன வருசம் வேட்டி அவுந்தப்ப நீதான சிரிச்ச. மறுபடி சிரிக்கணுமா?"

பிறகு லேசர் அறைக்குள் நுழைந்தோம். வழக்கமாக மாதிரி வைக்கும் எஃகுத் தகட்டில் நான்தான் பொட்டு வைப்பேன். மூன்று வருடமாக வைத்த இடம், பழைய சந்தனத்தின் கறைகூட அங்கே இருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, இடது கையில் கிண்ணத்தோடு குனிந்து, வலது கை மோதிர விரலால் எட்டி வைக்க வேண்டும். அப்படிக் குனிகிறவனின் வலது கண் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். அன்பரசி என் தோள் உயரம். அதற்கும் சரிபார்த்து வைத்திருந்தேன்.

"இந்த வருசம் டாக்டர் வைக்கட்டும் பாஸ். படிச்ச கை," என்றேன்.

சத்தியசீலனுக்கு ரொம்ப சந்தோஷம். என் முதுகில் தட்டினார். எனக்கும் அவளுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று அவருக்கு வாசம் அடித்திருந்தது போல. அன்பரசி என்னைப் பார்த்த பார்வையில், நான் சமாதானமாகிவிட்டேன் என்ற நிம்மதி இருந்தது.

"நெசமாவா ணே? உங்க மிசினு ணே அது."

"இன்னைக்கு உங்க மிசினு."

அவள் கிண்ணத்தை வாங்கிக் குனிந்தாள். பிரமிளா மணி அடித்தாள். அன்பரசி விரலை நீட்டியவள் பாதியில் நின்றாள்.

"அண்ணே, உள்ள சின்னதா செவப்பா ஒண்ணு தெரியுது. என்னா லைட்டு அது?"

அவள் அந்த ஒளியை அதுவரை பார்த்ததே இல்லை. உள்ளே வரும்போதெல்லாம் கறுப்புக் கண்ணாடியோடுதான் வருவாள். அதை மாட்டிவிட்டவனே நான்தான்.

"அது ஸ்டேண்ட்பை லைட்டு," என்றேன்.

"ஓ," என்று சொல்லிவிட்டு அதையே பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. நான் மனதுக்குள் மூன்று வரை எண்ணினேன். அவசரப்படவில்லை.

"போதும் டாக்டர், சூடம் காட்டணும், வாங்க," என்றேன்.

அவள் பொட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எல்லாரும் வெளியே போன பிறகு லேசரை அணைத்தேன். வராந்தாவில் சூடம் காட்டினோம். அவள் இரண்டு தட்டு சுண்டல் சாப்பிட்டாள். வலி எதுவும் இல்லை. சொன்னேனே.

பன்னிரண்டு மணிக்குப் பிரமிளாவிடம் வந்து, "அக்கா, இந்த பேப்பர்ல நடுவுல எழுத்து இல்ல," என்றிருக்கிறாள். பிரமிளா அவளுக்குக் கண்ணாடி போடும் வயது வந்துவிட்டதென்று கிண்டல் செய்திருக்கிறாள். அன்பரசி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள், பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். மருத்துவமனைக்கு அவளை ஓட்டிக்கொண்டு போனது நான். வழியெல்லாம் அவள் வாகனங்களின் எண்பலகைகளை ஒற்றைக் கண்ணால் படித்துக்கொண்டே வந்தாள். "நடுவு நம்பர் மட்டும் போயிருது ணே," என்றாள். நான் சிவப்பு விளக்கு எதையும் மீறவில்லை.

தணிக்கை நல்லபடியாக முடிந்தது. எண்பது என்ற எண்ணை இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் பழையது தவறு என்று ஆகிவிடும்.

ஆறு வாரம் போனது. எட்டு வாரம் போனது. வலது கண்ணின் நடுப்பார்வை திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். தை பிறந்த பிறகு ராவாங்கில் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா இராஜம்மா கோப்பி கொடுத்தார். "என் பிள்ளைய ஆஸ்பித்திரிக்குக் கொண்டுபோன தம்பி" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைச் சொன்னார். அன்பரசி நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப நீங்க இல்ல ணே. ரெண்டு காது மட்டும் தனியாத் தொங்குது."

"சும்மா இரு பிள்ள. வெளாட்டா இது?" என்றார் அம்மா.

அம்மா உள்ளே போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "சேஃப்டி ஆபிசருங்க வந்து கேட்டாங்க ணே. அந்த லைட்டப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களான்னு. யாரும் சொல்லலன்னுட்டேன். உங்களுக்கே தெரியாமத்தான சொன்னீங்க? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களா? விடுங்க. இதப் போய் மனசுல வச்சிக்கிட்டு அலையாதீங்க."

என் மேசையில் எரியும் சிவப்பு எதுவென்று எனக்குத் தெரியாது என்று அவள் நினைக்கிறாள் மேடம். அதற்காக என்னை மன்னித்தும்விட்டாள். ராவாங்கிலிருந்து திரும்பும் வழியில் மூன்று இடத்தில் காரை நிறுத்தினேன். மூன்று இடத்திலும் இறங்கி நடந்தேன். நிற்க முடியவில்லை.

போன வாரம் பாதுகாப்பு விசாரணை அறிக்கை வந்தது. சத்தியசீலன் எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். "பரவால்ல யுவன், வேல போகாம நான் பாத்துக்குறேன்" என்றார். நான்காம் பக்கத்தில் ஒரு வரி. 'போதிய கல்வித் தகுதி இல்லாத ஊழியர் ஒருவர் கவனக்குறைவாக லேசரை அணைக்காமல் விட்டதே விபத்துக்குக் காரணம்.' அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. விளக்கின் கம்பி, குழாய், லென்ஸ், உயரம், புகை, மூன்று விநாடி. ஒன்றைக்கூட விடாமல் பார்த்துச் செய்த வேலைக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நேற்றுக் காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக உங்கள் நிலையத்துக்கு வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். அன்பரசியின் கண்ணை நான் தெரிந்தே சுட்டேன். லேசரை ஓடவிட்டவன் நான், அவளைக் குனியவைத்தவன் நான், பொய் சொல்லிப் பார்க்கவைத்தவனும் நான். விபத்து இல்லை. கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆறு வாரத்தில் ஆறாமல் போனதற்கு என் கணக்கு காரணம் இல்லை. அவளுடைய கண் சராசரிக் கண்ணாக இருந்திருக்காது. நம்பரில் தப்பு இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்த நான்காம் எண் வடிகட்டியைத் தாண்டி எவ்வளவு ஒளி வருகிறது என்று அன்று காலை அளந்து பார்த்தாயா, ஒளி அளக்கும் மானியின் பதிவேட்டில் அந்தத் தேதியே இல்லையே என்று. மானி மேசையின் இழுப்பறையில்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் தேவைப்படவில்லை மேடம். மிசின் வந்தபோது நானே அளந்தது, அந்த எண் எனக்கு மனப்பாடம்.